ருசுமோ பாலத்திலிருந்து லிலோங்வே வரை: மயிரிழையில் தப்பும் தாய்மார்கள்

நாள் 1: முஹாங்கா, ருவாண்டா

கிகாலியிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் முஹாங்கா. ருவாண்டாவை ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என்று சும்மா சொல்லவில்லை. எதிர்க்குன்றில் துணி காய்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேரப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் பொழுது போய்விடும். பிள்ளை பெற்றவுடன் உதிரம் நிற்காத பெண்ணுக்கு அந்தப் பொழுதுதான் உயிர்.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை கல் மாதிரி இறுகி, திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த உதிரப்போக்கு தொடங்கியதிலிருந்து உயிர் போக சராசரியாக 2 மணி நேரம் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-ல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் சஹாராவுக்குத் தெற்கே. இறந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. இந்தப் பாதை முழுக்க அவர்களைப் பற்றியதுதான்.

முஹாங்காவில் பார்க்க வேண்டியது ஜிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன் தளம். 2016 அக்டோபரிலிருந்து இங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் பறக்கிறது. கவணில் வைத்துச் சுண்டி விடுவது போல ட்ரோனை ஏவுகிறார்கள். போய்ச் சேருமிடத்தில் அது தரையிறங்காது. தாழப் பறந்து, காகிதப் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். சாலை வழியோடு ஒப்பிட்ட ஆய்வில் சராசரியாக 79 முதல் 98 நிமிடம் மிச்சமானது தெரிந்தது. ஆஸ்பத்திரிகளில் காலாவதியாகி வீணாகும் ரத்தப் பொருள்கள் 67 சதவீதம் குறைந்ததும் தெரிந்தது. வேகத்தைவிட இந்த இரண்டாவது விஷயமே பெரிது என்று தோன்றுகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் ஆயுள் 5 நாள். அரிய வகை ரத்தத்தைச் சிறிய ஆஸ்பத்திரி வாங்கி வைத்தால் கெட்டுப்போகும், வாங்காமல் விட்டால் அவசரத்துக்கு இருக்காது. ஒரே இடத்தில் வைத்து வேண்டியபோது அனுப்பினால் இரண்டு தொல்லையும் இல்லை.

ஆனால் பெட்டி வந்து விழுந்தால் வேலை முடிந்ததாகாது. சிவப்பணுவைப் பொருத்தம் பார்க்க முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். உறைந்த பிளாஸ்மாவை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்க 20, 30 நிமிடம். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று ரத்தம் கேட்பதைத் தள்ளிப்போட்டால் ட்ரோன் மிச்சப்படுத்திய நேரம் வார்டிலேயே கரைந்துவிடும்.

நாள் 2: ருசுமோ வழியாக கஹாமா, தான்சானியா

ககேரா ஆற்றின் மேல் ருசுமோ பாலம், பக்கத்தில் அருவி. ருவாண்டாவில் வலப்பக்கம் ஓட்டி வந்த லாரி, பாலம் தாண்டியதும் இடப்பக்கத்துக்கு மாற வேண்டும். மாறாமல் போனவர்களின் கதை இரு கரையிலும் உண்டு.

எண்ணும் முறையும் எல்லைக்கு எல்லை இப்படித் தடம் மாறியே கிடந்தது. ஒருவர் ‘கடும் நோய்’ என்றதை இன்னொருவர் ‘சிக்கல்’ என்று எழுதினார். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரே அளவுகோல் வைத்தது. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, அது முடிந்த 42 நாளுக்குள்ளோ சாவின் விளிம்புக்குப் போய் உயிர் பிழைத்தவர்களை எண்ண வேண்டும். விளிம்பு எது என்பதற்கு 25 அடையாளங்கள். ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை, மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டுவது அல்லது 6-க்குக் கீழே போவது, 12 மணி நேரத்துக்குக் குறையாத நினைவிழப்பு போன்றவை கண்ணால் காண்பவை. தட்டணு 50,000-க்குக் கீழே, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் 3.5-ஐத் தொடுவது, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததைக் காட்டும் லாக்டேட் 5-ஐத் தாண்டுவது ஆய்வகம் சொல்பவை. கருப்பையை எடுத்தது, 5 யூனிட்டுக்குக் குறையாமல் ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸ் செய்தது ஆகியவை சிகிச்சையை வைத்து அறிபவை.

ஏட்டில் இது அழகாக இருக்கிறது. கஹாமா போகும் வழியில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் லாக்டேட் பார்க்கும் கருவியை எங்கே தேடுவது? 5 யூனிட் ரத்தம் அந்த ஃபிரிட்ஜில் எந்த நாளிலும் மொத்தமாக இருந்திருக்குமா? ரத்தம் இல்லாததால் 1 யூனிட்டோடு தப்பியவள் இந்தக் கணக்கில் ‘சாதாரணம்’ ஆகிவிடுகிறாள். வசதி குறையக் குறைய நோயும் குறைந்தது போலப் பதிவேடு காட்டும். தான்சானியாவின் ஹேடம் ஆஸ்பத்திரியிலும் மலாவியின் தியோலோ மாவட்டத்திலும் நடந்த ஆய்வுகள் இதைத்தான் கண்டு சொன்னன. ஹேடம் குழு, ரத்த வரம்பை 5-லிருந்து 1 யூனிட்டாக இறக்கச் சொன்னது. பிறகு வல்லுநர்கள் கூடி ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். ரத்தக் கொதிப்பு முற்றி வலிப்பு வந்த சூலி, கருப்பை கிழிந்தவள், 2 யூனிட் ஏற்றியவள் என்று ஆய்வகம் இல்லாமலே எண்ணக்கூடிய அடையாளங்கள் அதில் சேர்ந்தன. ஒரு நாட்டின் எண்ணிக்கையை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பட்டியலை வைத்து எண்ணினீர்கள் என்பதுதான்.

நாள் 3: ஷின்யாங்கா

பருத்தியும் மாடும் நிறைந்த சுகுமா மக்களின் சமவெளி. தெருவெங்கும் ‘பஜாஜி’. நம்ம ஊர் மூன்று சக்கர ஆட்டோதான். நிறுவனத்தின் பெயரே சுவாஹிலியில் வண்டிக்குப் பெயராகிவிட்டது. வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ‘போடாபோடா’ என்று பெயர். அவற்றில் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். வண்டிகளும் உண்டு. பிரசவ வலி கண்ட பெண்ணை ஓட்டுநருக்கும் துணைக்கு வந்தவளுக்கும் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது கிழக்கு ஆப்பிரிக்காவின் அன்றாடக் காட்சி.

1994-ல் தாடியூஸ், மெய்ன் என்ற இருவர் தாமதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போவதென்று வீட்டில் முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். இரண்டாவதுக்கு இந்த வட்டாரம் கண்ட வழி ‘எம்-மாமா’. இங்கே சிறிதாகத் தொடங்கி இப்போது நாடெங்கும் இருக்கிறது. 115-ஐ இலவசமாக அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் படிப்படியாகக் கேள்வி கேட்டு, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்று தீர்மானிப்பார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருந்தால் அது வரும். இல்லாவிட்டால் முன்பே பதிவு செய்து வைத்திருக்கும் ஊர் கார்க்காரர் வருவார். அவருக்குக் கட்டணம் கைபேசிப் பணமாகப் போய்விடும். நடுராத்திரியில் ‘டீசலுக்குக் காசு யார் தருவது’ என்ற பேரம் இல்லை. அந்தப் பேரத்தில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

வண்டி வரும் வரை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கிராமத்துச் சிறு சுகாதார நிலையத்தை இங்கே ‘ஜஹனாதி’ என்கிறார்கள். வலிப்பு வந்தவளை அங்கிருந்து வெறும் சீட்டோடு ஏற்றி அனுப்பினால் வழியில் மறுபடி வலிப்பு வரும், எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும். வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் டோஸைத் தசையில் போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சிறுநீர்க் குழாய் மாட்டி அனுப்ப வேண்டும். உதிரப்போக்கு என்றால் இரண்டு கையிலும் தடித்த ஊசி ஏற்றி, சலைன் ஓடவிட்டு, ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை நரம்பில் 10 நிமிடத்தில் செலுத்திவிட்டு அனுப்பலாம். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளிவந்த சோதனை, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் உதிரப்போக்கால் சாவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று காட்டியது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் தேயும். 3 மணி தாண்டினால் பலனே இல்லை. அரை மணி கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு 1 கிராம்.

நாள் 4: தபோரா வழியே ம்பேயா

நீண்ட ஓட்டம், எழுத அதிகமில்லை. மியோம்போ காடு, தேன் விற்கும் பையன்கள், மின்கம்பி இல்லாத ஊர்கள்.

மின்சாரம் இல்லாத ஊரில் ஆக்ஸிடோசின் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லலாம். பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் போட்டால் கருப்பை இறுகும். ஆனால் அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. அலமாரியில் கிடந்தால் வீரியம் இறங்கும், நிறம் மாறாது. மருந்து செத்துப்போனது கருப்பை இறுகாதபோதுதான் தெரியும். 30 டிகிரியிலும் தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம், உதிரப்போக்கைத் தடுப்பதில் ஆக்ஸிடோசினுக்குக் குறைந்ததல்ல என்று 2018-ல் 29,645 பெண்களிடம் நடந்த சோதனை காட்டியது. அது தடுப்புக்கான மருந்து. உதிரம் கொட்டத் தொடங்கிய பிறகு அதைத் தேடி ஓடக் கூடாது. ஊசி போட ஆளே இல்லாத இடத்தில் மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் மாத்திரை. குளிரும் நடுக்கமும் வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

நாள் 5: கசுமுலு எல்லை, கரோங்கா, மலாவி

ம்பேயாவின் குளிரிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்கு வந்ததும் புழுக்கம். புழுக்கத்தோடு கொசு, கொசுவோடு மலேரியா. கர்ப்பிணிக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் குடியிருக்கும். அதனால் கர்ப்பத்தின் 13-வது வாரத்திலிருந்து, மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகாமல், ஒவ்வொரு பரிசோதனைக்கும் எஸ்.பி. என்ற மலேரியா மாத்திரை மூன்றை நர்ஸின் கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும். குறைந்தது மூன்று தடவை. இதில் இரண்டு பொறி. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் எஸ்.பி. வேலை செய்யாது, 0.4 போதும். எச்.ஐ.வி. இருப்பதால் கோட்ரிமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி சாப்பிடுகிறவளுக்கு எஸ்.பி. தரவே கூடாது. மலாவியில் இரண்டாவது பொறியை மறக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தப் பரிசோதனை எண்ணுக்குக் காத்திராமல் வாழ்நாள் மருந்து என்ற கொள்கையை 2011-ல் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு இது.

மலேரியா, கொக்கிப்புழு, இரும்புச்சத்து இல்லாத சாப்பாடு, அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் சேர்ந்து ரத்தசோகையில் போய் முடிகின்றன. ஹீமோகுளோபின் 11 உள்ளவள் ஒரு லிட்டர் இழந்தும் எழுந்து உட்காரலாம். 6 உள்ளவளுக்கு அரை லிட்டரே இதயத்தைத் தடுமாற வைக்கும். அப்படிப்பட்டவளுக்கு அவசரமாக ரத்தத்தை ஓட்டிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து அதனாலேயே மூச்சு முட்டும். சிவப்பணுவை மெதுவாக ஏற்றி, கூடவே உடம்பின் நீரைச் சிறுநீராக இறக்கும் ஃப்ரூசமைட் கொடுக்க வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு உதிரம் போகும் முன்பே டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தால் என்ன என்று நைஜீரியா, தான்சானியா, சாம்பியா, பாகிஸ்தானில் 15,068 பெண்களிடம் பார்த்தார்கள். உதிரப்போக்கு குறையவில்லை. ரத்தசோகையைப் பிரசவ மேசையில் வைத்து அடைக்க முடியாது, மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும்.

ரத்த வங்கிக்கு இங்கே ஒரு பள்ளிக்கூட நாள்காட்டி உண்டு. மனமுவந்து கொடுப்பவர்களில் பெரும்பங்கு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளி விடுமுறை என்றால் ரத்தமும் விடுமுறை. மழைக்காலத்தில் மலேரியா வந்த குழந்தைகளுக்கும் அதே பைதான் வேண்டும். இந்த இரண்டும் சேரும் வாரங்களில் உதிரப்போக்கு வருவது தனி ஆபத்து.

நாள் 6: லிலோங்வே

சிச்சேவா மொழியில் கர்ப்பத்துக்குப் ‘பகாதி’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ‘நடுவில்’ என்றும் பொருள். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் என்று மலாவிக்காரர்கள் விளக்குவார்கள். பிரசவம் மறுபிறவி என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதேதான்.

பிரசவத்துக்கு வரும் பெண்ணின் மூட்டையைப் பாருங்கள். கட்டிலில் விரிக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் தாள், தொப்புள்கொடி வெட்டப் புது பிளேடு, ஒரு பேசின், நாலைந்து ‘சிட்டெஞ்சே’ துணி. உதிரம் அந்தத் துணியில் ஊறும், தாளில் வழியும், தரையில் சொட்டும், பனிக்குட நீரோடு கலக்கும். எவ்வளவு என்று கேட்டால் நர்ஸ் ஒரு மதிப்பு சொல்வார். கண்மதிப்பு குறைத்தே சொல்லும். போக்கு கூடக்கூடப் பிழையும் கூடும்.

இதற்குத் தீர்வாக வந்தது கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பிள்ளை பிறந்ததும் இடுப்பின் கீழே விரித்தால் உதிரம் புனல் போன்ற பையில் சேரும், மில்லிலிட்டர் கணக்கு பையிலேயே தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 ஆஸ்பத்திரிகளில் 2,10,132 பிரசவங்களில் இதையும் உடனடிச் சிகிச்சையையும் சேர்த்துச் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். உதிரப்போக்கைக் கண்டுபிடிப்பது 51 சதவீதத்திலிருந்து 93 ஆனது. ஒரு லிட்டருக்கு மேல் கொட்டுவது, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் சாவது ஆகிய மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது.

விரிப்பு தானாக உயிர் காப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை உதிரம், நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம் பார்க்க வேண்டும். 500 மில்லிலிட்டரைத் தொட்டாலோ, 300 தாண்டி நாடியோ அழுத்தமோ தடுமாறினாலோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். கருப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், சலைன், சிறுநீர்ப் பையைக் காலி செய்து கிழிசலும் நஞ்சுக்கொடித் துண்டும் இருக்கிறதா என்று தேடுவது. பழைய பழக்கம் ஒன்றைச் செய்து, காத்திருந்து, பலிக்காவிட்டால் அடுத்தது என்று போகும். அந்தக் காத்திருப்பில்தான் அரை லிட்டர் ஒன்றரை லிட்டராகிறது.

அடுத்தது வலிப்பு. முதல் பிரசவம், இளவயது, இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு, போன தடவையும் இதே தொல்லை: இவை உடலில் இருக்கும் காரணங்கள். சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை தீர்ந்துபோனது, அழுத்தமானியின் ரப்பர் கிழிந்தது, தலைவலியென்று வந்தவளுக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியது: இவையும் ஆபத்துக் காரணிகள்தான், ஆய்வு அட்டவணைகளில் அபூர்வமாகத்தான் இடம்பெறும்.

மக்னீசியம் சல்ஃபேட்டில் கணக்கு தப்புவது சகஜம். 50 சதவீத மருந்து 8 மில்லிலிட்டரை எடுத்து 12 மில்லிலிட்டர் ஊசி நீரில் கலந்தால் 20 சதவீதத்தில் 4 கிராம் கிடைக்கும். அதை நரம்பில் 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். கலக்காமல் ஏற்றினால் மூச்சோ இதயமோ நிற்கலாம். உடனே இரு புட்டத்திலும் கலக்காத மருந்து 10 மில்லிலிட்டர், அதாவது 5 கிராம் வீதம், ஒவ்வொரு சிரிஞ்சிலும் 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மில்லிலிட்டர் சேர்த்து ஆழமாகப் போட வேண்டும். ஆக முதல் டோஸ் 14 கிராம். பிறகு 4 மணிக்கொரு தடவை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி, பிரசவமோ கடைசி வலிப்போ எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்வி: மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையே, முழங்காலைத் தட்டினால் உதறுகிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டராவது வருகிறதா. ஒன்று தவறினாலும் அந்த டோஸ் வேண்டாம். மூச்சு நின்றால் பையால் ஊதி மூச்சுக் கொடுத்துக்கொண்டே கால்சியம் குளுகோனேட் 1 கிராமை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். அந்த ஊசிமருந்து பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை, கட்டில் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைப்பதே சரி. மக்னீசியம் விஷமாகிவிடும் என்ற பயத்தில் அரைகுறையாகக் கொடுப்பவர்களும் உண்டு. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளிவந்த சோதனை, இந்த மருந்து வலிப்பு ஆபத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்குகிறது என்று காட்டியது. அந்த பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

நாள் 7: லிலோங்வே, இரண்டாம் நாள்

காலையில் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடலையே சாய்க்கும் நிலை. சிசேரியனுக்குப் பின், நீண்ட பிரசவத்துக்குப் பின், அரைகுறைக் கருச்சிதைவுக்குப் பின் வருவது. வெட்டும் முன் கொடுக்க வேண்டிய ஒற்றை டோஸ் கிருமிக்கொல்லியை வெட்டிய பின் ஐந்து நாளுக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மலாவியில் உருவாகிச் சோதிக்கப்பட்ட ‘ஃபாஸ்ட்-எம்’ முறை ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து வேலை செய்யச் சொல்கிறது: திரவம், கிருமிக்கொல்லி, சீழின் மூலத்தை அகற்றுவது, தேவையானால் பெரிய இடத்துக்கு மாற்றுவது, விடாமல் கண்காணிப்பது. இதோடு கை கழுவுவதையும் தொற்றைத் தடுப்பதையும் சேர்த்து மலாவியிலும் உகாண்டாவிலும் 59 ஆஸ்பத்திரிகளில் பெரிய சோதனை நடந்தது. தொற்றால் வரும் மரணமும் கடும் நோயும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எந்த முறையும் எடுபடாது.

மதியம் ப்வைலா ஆஸ்பத்திரி வளாகத்தின் ஃபிஸ்டுலா மையம். பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி நாள்கணக்கில் நின்றால், தலைக்கும் எலும்புக்கும் நடுவே சிறுநீர்ப் பை நசுங்கி, அந்த இடம் ரத்தமில்லாமல் செத்துவிடும். சில நாள் கழித்து அது கழன்று விழுந்து ஓட்டை விழும், சிறுநீர் ஓயாமல் ஒழுகும். பிள்ளை பெரும்பாலும் இறந்தே பிறந்திருக்கும். வலியை விரைவுபடுத்த மலாவி வீடுகளில் தரும் ‘ம்வானம்பெப்போ’ மூலிகை இங்கே உதவாது. அடைபட்ட வழியில் கருப்பையை இன்னும் முறுக்கினால் அது கிழியும் ஆபத்துதான் கூடும்.

ஒழுகுவது தெரிந்தவுடன் சிறுநீர்க் குழாயைப் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் சின்ன ஓட்டை தானாக மூடலாம். பெரிதென்றால் அறுவை சிகிச்சை. எளிய ஓட்டையைத் தைத்த பின் குழாயை 14 நாள் வைப்பதும் 7 நாள் வைப்பதும் பலனில் ஒன்றுதான் என்று 8 ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்த சோதனை காட்டியது. ஒரு கட்டில் ஒரு வாரம் முன்பே காலியாகும்.

வீட்டுக்குப் போகிறவளின் கையில் ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ இருக்கும். மலாவியில் நோயாளியே வைத்துக்கொள்ளும் சின்னப் புத்தகம் அது. அதில் எழுதியாக வேண்டிய வரி: அடுத்த பிரசவம் சிசேரியன் மட்டும், வலி வரும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சிலர் அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்கள், மழையில் மை கரையாமல் இருக்க.